மிளகாய் இல்லாத ஆண்டு

எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் நான். கார் ஓடினால் டயர் வெடித்துவிடும் என்று நினைப்பேன். கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அதனாலேயே யார் எது கதைத்தாலும் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளரை நான் விழுத்தியது அந்தப் பழக்கத்தால்தான்.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற விபோர்க்கில் கோடையில் ஒரு பழங்காலச் சந்தை வைத்தார்கள். 1450ஆம் ஆண்டில் தங்கள் ஊர் எப்படி இருந்தது என்று ஒவ்வொரு நாட்டவரும் ஒரு கடை போட்டுக் காட்ட வேண்டும். எனக்கு ஆசை வந்துவிட்டது. இறைச்சித் தொழிற்சாலையில் வெட்டிக்கொண்டே காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்ட சரித்திரம் எனக்குள் நிறையக் கிடந்தது. ஜெர்மனியில் ஒருவன் உலோக எழுத்து வார்த்துப் புத்தகம் அச்சடிக்கப் பாடுபட்ட காலம் அது. டென்மார்க் அரசன் நோர்வேயின் முடியையும் சூடிக்கொண்டான். தெற்கேயிருந்து கோட்டை இராச்சியத்துச் சிங்கள அரசனின் படை வந்து யாழ்ப்பாணத்தைப் பிடிக்க, எங்கள் அரசன் கடல் கடந்து இந்தியாவுக்கு ஓடினான். ஓடினவன் பல வருடம் காத்திருந்து, படையோடு திரும்பி வந்து நாட்டைப் பிடித்தான். எனக்குப் பிடித்தது அந்தத் திரும்பி வந்த கதைதான்.

"கடையிலை நிண்டு இதுகளை நான் சொல்லட்டோ?" என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன்.

செயலாளர் என்னைவிட இளையவர், பொறியியலாளர். என் மனைவி பக்கத்தில் இருக்கும்போதே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணை, நீங்கள் எட்டாம் வகுப்போடை நிண்ட ஆள். அடுப்பைப் பாருங்கோ, சரித்திரத்தை நாங்கள் பாக்கிறம்."

எல்லோரும் சிரித்தார்கள். யுத்தத்தில் பள்ளிக்கூடத்தின் மேல் ஷெல் விழுந்துதான் என் படிப்பு நின்றது.

அடுத்த கிழமை, சந்தையை நடத்துகிற டேனிஷ் பெண்மணி கடைக்காரரைக் கூப்பிட்டுக் கதைத்தார். செயலாளரைக் காரில் கூட்டிப்போய்ப் பக்கத்தில் இருந்தது நான். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் எல்லாம் அமெரிக்காவிலிருந்து பிறகு வந்தவை, அந்த ஆண்டில் இங்கேயும் இல்லை, ஆசியாவிலும் இல்லை, கொண்டு வந்தால் சாப்பாட்டுக் கடையை மூடிவிடுவேன் என்று அந்தப் பெண்மணி தெளிவாகச் சொன்னார். செயலாளர் மேசைக்குக் கீழே போனில் யாருக்கோ பகிடிப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும், "என்னண்ணை சொன்னவ?" என்றார்.

"ஒண்டுமில்லை. வடிவாச் செய்யட்டாம்."

அவர் சங்கத்துக்குப் போய் உருளைக்கிழங்கு வைத்துப் பொரிக்கிற றோல்ஸும் ஆட்டுக்கறியும் என்று முடிவெடுத்தார். ஆதிகாலத் தமிழர் உணவு என்று பெரிய பலகையும் எழுதுவித்தார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மிளகாய்த்தூள் இல்லாத யாழ்ப்பாணத்தை எங்கள் ஆட்களால் நினைத்துப் பார்க்கவே முடியாது. எனக்கோ ஒவ்வொரு நாளும் ஒரே பயம். யாராவது முதலே சொல்லிவிட்டால்? இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

சந்தையன்று கடைக்கு முன்னால் நீண்ட வரிசை. அந்தப் பெண்மணி ஒரு றோல்ஸைக் கடித்தார். மிளகாய் உறைப்பில் கண் கலங்கியது. உள்ளே பார்த்தார், உருளைக்கிழங்கு.

"அன்றைக்குச் சொன்னேனே, நீங்கள் இருந்தீர்கள்தானே?" என்று செயலாளரை எல்லோருக்கும் கேட்கக் கேட்டுவிட்டு, பானைகளை மூடச் சொன்னார்.

மந்திரி வேஷத்தில் தலைப்பாகையோடு நின்ற செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியுமே?"

"ஓம். பக்கத்திலை இருந்து கேட்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நான் அடுப்பைத்தானே பாக்கிறது, தம்பி."

அவருடைய முகம் போன போக்கை இன்றைக்கும் நினைத்து நினைத்து ருசிக்கிறேன்.

திரும்பி வரும்போது காரில் மனைவி என்னை முறைத்தாள். எனக்குப் பழைய பயம் பிடித்தது.

"காலமை தொடக்கம் நிண்டு பொரிச்சனான். எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீர் பொரிச்சிருக்க மாட்டீர்."

"ஆர் சொன்னது? கிழங்கை இன்னும் பெரிசா வெட்டியிருப்பன். அண்டைக்கு என்னை வைச்சுக்கொண்டெல்லோ உங்களைப் பாத்துச் சிரிச்சவன்."

பின் இருக்கையிலிருந்த றோல்ஸ் தட்டை எட்டி எடுத்து மடியில் வைத்தாள். எனக்கு ஒன்று தந்தாள், தானும் ஒன்று எடுத்தாள். நல்ல உறைப்பு.