ரத்னா கல்யாணத்துக்கு இரண்டு பத்திரிகை

தசரதன் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தக் கூத்தில் பாதிப் பங்கு என்னுடையது.

நான் ஜெபதாஸ். வாலாஜாபாத் கடைத்தெருவில் சின்ன அச்சகம் வைத்திருந்தேன். தசரதன் வல்லம் வடகாலில் இரண்டு ஏக்கர் நெல் பயிரிட்டவன். அந்த ஊரில் கட்சியின் கிளைச் செயலாளர். இருபது வருஷமாகக் கொடிக்கம்பம் நட்டான், தட்டி கட்டினான், மாநாட்டுக்கு லாரி பிடித்தான். எந்தக் கட்சிக்காரன் வீட்டில் கல்யாணம் என்றாலும் மேடையில் நாற்காலி போடுவதும் தலைவர் கையில் மாலையை எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். அந்தக் கல்யாணங்களில் அய்யர் கிடையாது, ஓமம் கிடையாது. தலைமை தாங்குகிறவர் தாலியை எடுத்துக் கொடுப்பார், மாப்பிள்ளை கட்டுவான். தன் மகள் ரத்னாவுக்கும் ஒன்றியச் செயலாளர் கையால் தாலி வரவேண்டும் என்று தசரதன் ஆசைப்பட்டான். வேறென்ன பெரிதாகக் கேட்டுவிட்டான், சொல்லுங்கள்.

எழுபத்தொன்பதில் ரத்னாவுக்குக் கல்யாணம் நிச்சயமான மாசமே ஒன்றியச் செயலாளர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அந்தப் பதவிக்கு இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் சுங்குவார்சத்திரம் ரைஸ்மில் முனிரத்தினம், இன்னொருவர் ஒரகடத்து லாரிக்காரர் பரசுராமன். ஓட்டுப் போடுகிறவர்கள் நாற்பத்தொரு கிளைச் செயலாளர்கள். கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் தேர்தல். இழுபறி என்று எல்லோருக்கும் தெரியும். தசரதன் அடிக்கிற பத்திரிகையில் 'தலைமை' என்ற இடத்தில் யார் பெயர் வருகிறதோ அவருக்குத்தான் வடகால் ஓட்டு என்று ஒன்றியமே பேசும். 'முன்னிலை' என்று கீழே பெயர் வருகிறவர் அதை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்.

இரண்டு பேரும் தனித்தனியாகத் தசரதனிடம் வந்து, "கல்யாணத்துக்கு நான்தான் தலைமை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு பேரிடமும் தலையாட்டிவிட்டு, பாவி மனுஷன், என் அச்சகத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

"ரெண்டா அடிச்சிடு ஜெபதாஸு. முனிரத்தினம் ஆளுங்களுக்கு ஒண்ணு, பரசுராமன் ஆளுங்களுக்கு ஒண்ணு."

"இன்னாடா சொல்ற? அன்னிக்கு ரெண்டு பேரும் வந்து நின்னா?"

"ரெண்டு தலைவருங்க ஒரே நேரத்துக்கு எங்க வந்துகீறாங்க? ஒருத்தராவது ரெண்டு மணி நேரம் லேட்டா வருவாரு. மொதல்ல வர்றவரு தாலி எடுத்துக் குடுக்கட்டும். பின்னால வர்றவரு வாழ்த்திட்டுப் போவட்டும். யாரு ஜெயிச்சாலும் அவருகிட்டதான நான் இருந்தாவணும்?"

இருபது வருஷம் தலைவர்களுக்காகப் பந்தலில் காத்துக் கிடந்தவனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். போடா பைத்தியக்காரா என்று நான் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கவேண்டும். அனுப்பவில்லை. ஒன்றை அடித்து முடித்தேன். கோத்து வைத்த எழுத்தில் இரண்டு பெயர்களை மட்டும் இடம் மாற்றி இன்னொன்றை அடித்தேன். கால் மணி நேர வேலை.

ஒன்பது மணிக்குக் கல்யாணம். தேர்தல் நேரமில்லையா, முந்திக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேரும் எட்டரைக்கே ஆட்களோடு வந்து இறங்கிவிட்டார்கள். மேடை நடுவில் ஒரே ஒரு பெரிய நாற்காலி. முனிரத்தினம் அதில் உட்காரப் போனார்.

"அது என் சீட்டு" என்றார் பரசுராமன். சட்டைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, "இதோ, அச்சுல கீது பாருங்க" என்று நீட்டினார்.

முனிரத்தினமும் தன்னுடையதை எடுத்தார். இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தார்கள். ஒரு மாசமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி தசரதனைப் பார்த்தார்கள்.

"யாருகிட்டடா வெளையாடற?" என்றார் முனிரத்தினம். பரசுராமன் தான் கொண்டுவந்த மாலையை நாற்காலியில் வீசிவிட்டு இறங்கினார். இரண்டு ஜீப்பும் கிளம்பின. பின்னாலேயே கட்சிக்காரர்களும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். முக்கால் பந்தல் காலியாகிவிட்டது. சமைத்த சோறு அப்படியே இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "தாலி எடுத்துக் குடுக்க ஆளு கீறாங்களா இல்லியா? இல்லன்னா சொல்லிடுங்க, நாங்க கெளம்பறோம்."

தசரதன் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டி பாஞ்சாலி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் மைக்செட்காரர் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த இரண்டு பேரும் என் அச்சகத்துக்கு வந்துவிடுவார்களோ என்பதுதான்.

மணப்பெண் ரத்னா எழுந்து வந்து, தலைவர்கள் கீழே போட்டுவிட்டுப் போன இரண்டு பத்திரிகைகளையும் எடுத்தாள்.

"ரெண்டுலயும் எடம் மாறாம கீறது அடியில உன் பேரு ஒண்ணுதாம்பா. நீயே எடுத்துக் குடு."

தசரதன் எழுந்தான். எத்தனையோ மேடைகளில் தாலித்தட்டை அடுத்தவருக்கு நீட்டியவன், அன்றைக்குத் தாலியைத் தன் கையால் எடுத்தான். மாப்பிள்ளை கட்டினான்.

கல்யாணம் நடந்துவிட்டது, போதும் என்று நினைத்தேன். தசரதன் அப்படி நினைக்கவில்லை. தேர்தலன்று ஓட்டுப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கரை வேட்டி கட்டிக்கொண்டு போனான். மத்தியானமே என் அச்சகத்துக்கு வந்தான்.

"லிஸ்டுல என் பேரு இல்லன்றாங்க ஜெபதாஸு. வடகால் கிளையே கலைச்சாச்சாம். ரெண்டு பேரும் ஒண்ணா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்களாம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இருபது வருசம்பா. உனக்கு முன்னாடியே எதுனா தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அந்த லிஸ்டில் இருந்த நாற்பது பெயரையும் நான்கு நாளைக்கு முன்னால் நான்தான் அச்சுக் கோத்தேன்.