காதுக்காரி எழுதிய மன்னிப்புக் கடிதம்

யிங் ஹுய்சியனுக்குத் தொழிற்சாலையில் 'காது' என்று பெயர். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து டிரில் மெஷின் பூட்டும் நீண்ட மேசையில், கடைசி இருக்கைக்கு முந்தியது அவளுடையது. பூட்டிய மெஷின் அவள் கைக்கு வரும். பேட்டரியைச் செருகுவாள், விசையை அழுத்துவாள், காதருகே பிடித்து மூன்று எண்ணும் நேரம் கேட்பாள். சத்தம் நன்றாக இருந்தால் பச்சைச் சீட்டு ஒட்டுவாள், இல்லையென்றால் சிவப்பு. பத்தொன்பது வருடங்களாக இதுதான் வேலை. சீனாவின் யோங்காங் ஊரில் டிரில் பூட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நூறு பேர் இருப்பார்கள். உறையைக் கழற்றாமலே உள்ளே எந்தப் பல்சக்கரத்தில் பிசிறு என்று சொல்லக்கூடியவள் இவள் ஒருத்திதான் என்று பேச்சு.

அந்தப் பேச்சை அவள் கொஞ்சம் அதிகமாகவே ரசித்தாள். ஒருமுறை மோட்டார் கொண்டுவந்து கொடுக்கும் ஆள், தன் சரக்கில் ஒரு குறையும் இல்லை என்று மேசை முன்னால் நின்று வாதாடினான். ஹுய்சியன் ஐந்து மோட்டாரை ஓடவிட்டுக் கேட்டாள். "மூணாவதைத் திற. பேரிங் குண்டு ஒண்ணு நசுங்கியிருக்கு" என்றாள். திறந்தான், நசுங்கியிருந்தது. அதிலிருந்து வருடப்பிறப்புக்கு அவன் அவள் வீட்டுக்கு ஒரு மூட்டை பம்பளிமாஸ் அனுப்பிக்கொண்டிருந்தான். பழத்தைத் தின்ற ஒவ்வொருவரும் கதையையும் சேர்த்துத்தான் விழுங்க வேண்டியிருந்தது.

அதெல்லாம் உள்ளே உரசிக்கொண்டே ஓடும் கார்பன் கட்டை வைத்த மோட்டார் இருந்த காலம். அந்த மெஷின்கள் கரகரவென்று உறுமும்; நோய் வந்தால் உறுமலிலேயே தெரியும். மூன்று வருடத்துக்கு முன் கார்பனே இல்லாத புது மோட்டார் வந்தது. கையடக்கமான உருவம், இரட்டிப்புப் பலம், பேட்டரியும் நீண்ட நேரம் தாங்கும். சத்தம் மட்டும் மாறிப்போனது. உறுமல் போய், காற்று சீறுவதைப்போல மெல்லிய ஓசை. குறை ஏதாவது இருந்தால் அது இன்னும் மெல்லிய கீச்சொலியாகத்தான் வரும்.

அந்தக் கீச்சொலிதான் ஹுய்சியனுக்குக் கேட்கவில்லை.

பத்தொன்பது வருடங்கள் காதருகே மெஷினை ஓடவிட்டால் காது சும்மா இருக்குமா? கனத்த சத்தத்தை விட்டுவைத்துவிட்டு, மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அது தின்றுவிட்டது. முதலில் பூச்சிகளின் ரீங்காரம் போனது. பிறகு வீட்டுக் கெண்டியின் விசில். "தண்ணி கொதிச்சு ஊளையிடுது, வாசல் வரைக்கும் கேக்குது. உனக்கு விழலையா?" என்று புருஷன் கேட்டபோது, "நாள் பூரா சத்தத்துல கிடந்துட்டு வர்றேன், வீட்லயும் காதைத் தீட்டிட்டே இருக்கணுமா?" என்று அவள் சீறினாள். அந்த மனிதர் அதன்பிறகு அடுப்பைத் தானே போய் அணைக்கப் பழகிக்கொண்டார்.

வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சாலையில் காதுப் பரிசோதனை உண்டு. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வேண்டும், சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே இருக்கும் நர்ஸ் பெண்ணின் விரல் அசைவது கண்ணாடியில் தெரிந்தது. விரல் அசைந்தபோதெல்லாம் ஹுய்சியன் அழுத்தினாள். "இந்த வயசுல இப்படி ஒரு காதா" என்று நர்ஸ் பாராட்டினாள். பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதியவளைப்போல அவளுக்கு முகம் எரிந்தது. எரிந்தது உண்மை. அடுத்த வருடமும் அதையே செய்தாள், அதுவும் உண்மை.

கையில் வரும் அதிர்வை வைத்துச் சமாளிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெரிய குறைகள் கையில் தெரிந்தன. தெரியாததற்கெல்லாம் பச்சை ஒட்டினாள்.

பனிக்காலம் தொடங்கிய மாதத்தில், கப்பலேறிப் போன சரக்கிலிருந்து நாற்பத்தொரு மெஷின்கள் திரும்பி வந்தன. மோட்டாருக்குப் பின்னால் இருக்கும் சின்ன விசிறி உறையில் உரசியிருக்கிறது. ஓட ஓடச் சூடேறி மோட்டார் கருகிவிட்டது. மேஸ்திரி செங், முப்பத்தைந்து வயதுக்காரர், கருகிய ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"யிங் அக்கா, உங்க கைக்கு வந்தப்ப இது எப்படி இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சு" என்றாள் ஹுய்சியன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பத்தொன்பது வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்ன வார்த்தை அது. ஆனால் சொன்ன அடுத்த நொடியே அது எங்கே போய் விழும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கைக்கு வந்தபோது சுத்தம் என்றால், கெட்டது அதற்குப் பிறகு. அதற்குப் பிறகு இருப்பது ஒரே இருக்கைதான்.

அந்தக் கடைசி இருக்கையில் லோங் யின்மெய் இருந்தாள். குய்ச்சோ மலைப்பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடங்கள் ஆன பெண். மெஷினுக்குப் பக்கவாட்டுக் கைப்பிடி மாட்டி, இரண்டு பேட்டரியோடு பெட்டியில் அடுக்கி மூடுவது அவள் வேலை.

"கீழ போட்டியா? பெட்டியில வைக்கறப்ப எங்கயாவது இடிச்சியா?" என்று செங் கேட்டார்.

யின்மெய் நிஜமாகவே யோசித்தாள். "கீழ போடலீங்க. ஆனா தட்டை சில நேரம் டொம்முனு வைப்பேன். அதுல விசிறி வளைஞ்சிருக்குமோ என்னமோ." பிறகு ஹுய்சியனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா காதுக்கே சுத்தமா இருந்துச்சுன்னா, அப்ப என் கைதாங்க."

ஹுய்சியன் அடுத்த மெஷினை எடுத்துக் காதருகே பிடித்தாள்.

அந்தத் தொழிற்சாலையில் தப்பு செய்தவர்கள் மறுநாள் காலை முற்றத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, தங்கள் குற்றத்தைத் தாங்களே எழுதி வாசிக்க வேண்டும். ஒரே வருடத்தில் இரண்டாம் முறை வாசிக்கிறவர்கள், அலுமினியச் சீவல் பிரிக்கும் பின்கொட்டகைக்குப் போக வேண்டியதுதான். அங்கே போனவர்கள் யாரும் மேசைக்குத் திரும்பியதில்லை. யின்மெய் வசந்தகாலத்தில் ஊரிலிருந்து ரயில் தாமதமாகி வந்ததற்காக ஒருமுறை வாசித்திருந்தாள். இது இரண்டாவது. கடிதம் மனசைத் தொட்டால் மட்டும் மேஸ்திரி மன்னித்துவிடுவது உண்டு.

மதியச் சாப்பாட்டுக்கு, பன்றிக்கறியும் காய்ந்த கடுகுக்கீரையும் அடைத்த தட்டை ரொட்டியோடு ஹுய்சியன் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். யின்மெய் எதிரே வந்து, ஊரிலிருந்து வந்த மிளகாய் ஊறுகாய்ப் புட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, எனக்கு நாலு வரி சேர்ந்தாப்ல எழுத வராது. போன தடவை நான் எழுதினதைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க எழுதிக் குடுங்களேன்."

"நானா?"

"உங்களை விட்டா யாரு? அந்தக் கொட்டகைக்குப் போனா தூசில எனக்கு இருமல் நிக்காது. நல்லா உருக்கமா எழுதுங்க."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். உண்மையையே சொல்லியிருக்கலாம். ஹுய்சியன் பேனாவை வாங்கினாள். கடிதம் நன்றாக அமைந்துவிட்டால் இந்தப் பெண்ணை மன்னித்துவிடுவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். தன் தோலைக் காப்பாற்றிக்கொள்கிறவர்களுக்கு இந்த மாதிரி யோசனைகள் வெகு சுலபமாக வரும்.

எழுத ஆரம்பித்தால் பேனா நிற்கவில்லை. 'என்மேல் எல்லோரும் வைத்த நம்பிக்கையின்மேல் உட்கார்ந்து நான் அலட்சியமாக இருந்தேன்' என்று எழுதினாள். 'சந்தேகம் வந்த நேரத்தில் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என் தப்பின் பாரத்தை அடுத்தவர்கள் சுமக்கும்படி ஆனது.' வரிக்கு வரி உண்மை. யாருடைய உண்மை என்பதுதான் வித்தியாசம். முடித்து வாசித்துக் காட்டியபோது யின்மெய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படி அக்கா இப்படி எழுதுறீங்க? நான் எவ்வளவு பெரிய தப்பு பண்ணியிருக்கேன்னு இப்பத்தான் எனக்கே உறைக்குது."

ஹுய்சியன் கடித்த ரொட்டியைக் கீழே வைத்தாள். அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஊறுகாய் காரம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை முற்றத்தில் யின்மெய் வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கியது; தடுக்கியபோதெல்லாம் ஹுய்சியனைத்தான் பார்த்தாள். ஹுய்சியன் உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தாள். செங் தாடையைத் தடவினார்.

"நல்லா உணர்ந்து எழுதியிருக்கா. சரி, இந்தத் தடவை இங்கயே இருக்கட்டும்."

அப்பாடா என்று ஹுய்சியனுக்கு மூச்சு வந்தது. ஏதோ தான் ஒரு உபகாரம் செய்துவிட்டதாகக்கூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் யின்மெய் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. தாளை மடித்துவிட்டுச் சொந்தமாகப் பேசினாள்.

"இனிமே பெட்டியை மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மெஷினையும் யிங் அக்காகிட்ட இன்னொரு தடவை கேட்கக் குடுக்கறேங்க. அவங்க காது சரின்னு சொன்னாத்தான் மூடுவேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஹுய்சியனும் தட்ட வேண்டியிருந்தது.

வேலை தொடங்கியது. ஹுய்சியன் முதல் தட்டை முடித்துப் பச்சை ஒட்டி அனுப்பினாள். யின்மெய் அதிலிருந்து ஒன்றைப் பச்சைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். விசையை அழுத்தினாள்.

"பாருங்க அக்கா, எங்கயும் இடிக்கல. அதே கீச்சு சத்தம்தான் இருக்கு, மாறவேயில்ல."

"என்ன சத்தம்?"

"அதான், இந்தப் புது மாடல் சத்தம். எல்லாத்துலயும் வராது, சிலதுல சன்னமா கீச்சுன்னு வரும். முதல்ல எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீங்க பச்சை ஒட்டியிருந்தீங்களா, அப்ப கார்பன் இல்லாத மோட்டார் இப்படித்தான் கத்தும்போலன்னு விட்டுட்டேன்."

முந்தின இருக்கைக்காரி திரும்பினாள். "எனக்கும் கேக்கும். யிங் அக்காவுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப்போவுதுன்னு பேசாம இருந்துட்டேன்."

ஹுய்சியன் மெஷினை வாங்கிக் காதில் ஒட்டவைத்து அழுத்தினாள். காற்று சீறியது. அதைத் தவிர ஒன்றுமில்லை. இன்னொருமுறை அழுத்தினாள். இந்த வரிசையில் எல்லோருடைய காதும் நன்றாகத்தான் இருந்தது. தன் பேருக்குப் பயந்து எல்லோரும் அதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவமானம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அவசரத்துக்கு வேலையை நிறுத்தத் தலைக்கு மேல் தொங்கிய சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மேசை முழுவதும் நின்றது.

செங் ஓடிவந்தார். "என்னக்கா, பேட்டரி சூடாயிடுச்சா?"

"இல்ல. எனக்குக் காது கேக்கல. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. சன்னமான சத்தம் எதுவும் விழறதில்ல." கூண்டில் நர்ஸின் விரலைப் பார்த்து அழுத்தியதையும் சொன்னாள். "அந்த நாற்பத்தொண்ணும் நான் விட்டதுதான். இந்தப் பொண்ணு எதையும் இடிக்கல."

செங் சுவரோரம் கூரை வரை அடுக்கியிருந்த, பச்சைச் சீட்டு ஒட்டிய மெஷின்கள் அடங்கிய பெட்டிகளைப் பார்த்தார். பிறகு கிடங்குக்குப் போன் செய்ய வெளியே போனார்.

யின்மெய் ஹுய்சியனுக்கு நேராக வந்து, உதடு தெரியும்படி நின்று, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"நேத்து எழுதும்போதே தெரியுமா?"

"தெரியும்."

யின்மெய் மேலங்கிப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அப்ப இது உங்களோடது. நாளைக்கு நீங்க படிங்க. பேரை மட்டும் மாத்தினாப் போதும்." அக்கா என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை ஹுய்சியன் அதைத்தான் படித்தாள். பேரைத் தவிர ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. யின்மெய் தடுக்கிய இடங்களில் அவள் தடுக்கவில்லை; ஏற்றி இறக்கி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மணிமணியாகப் படித்து முடித்தாள். முடித்தபிறகுதான், இவ்வளவு அழகாகப் படித்துவிட்டோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.