அமெரிக்கத் தம்பிக்கு இலவசத் தேநீர்

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நாடுகளுக்கும் ஒரு வரிசை உண்டு. அதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் மனப்பாடம். அமெரிக்காவிலிருந்து வருபவர் முதற் பந்தியில் அமர்வார். கனடாக்காரரும் லண்டன்காரரும் அடுத்த பந்தி. பாரிசிலேயே தலை நரைத்துப்போன நாங்கள், எங்கள் கண்ணுக்கே, பந்தி முடிந்தபின் இலை எடுக்க நிற்பவர்கள். இறைவன் முன்னிலையில் எல்லோரும் அடியார் என்று வெள்ளிதோறும் கோயிலில் பதிகம் ஓதுகிறவன் நான். ஓதி முடித்து வெளியே வந்தால், செருப்பை மாட்டுவதற்குள் இந்த வரிசை மறுபடியும் தொடங்கிவிடும்.

நோய்த்தொற்று உலகைப் பூட்டி வைப்பதற்கு முந்தைய கோடையில் என் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்தான். எனக்கு எழுபது நிறைந்ததையொட்டி என் மகள் அவனுக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தாள். பயணச்சீட்டு யாருடையது என்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து வருகிறவருக்கு வேறொருவர் சீட்டு எடுப்பார் என்பது இந்தத் தெருவில் எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணமே அல்ல.

வந்த மறுநாள் அவனைத் தேநீர்க்கடைக்கு அழைத்துப் போனேன். தேநீர் குடித்து முடித்ததும் அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டான். கடை முதலாளி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“ஐயா, காசை உள்ளை வையுங்கோ! அமெரிக்காவிலை இருந்து வந்தவரிட்டைத் தேத்தண்ணிக்குக் காசு வாங்கினால் எனக்கென்ன மரியாதை?”

அதே நேரத்தில், புறநகரான கார்ஜ் லே கொனெஸிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு சாமான் வாங்க வந்திருந்த ஒரு பெண் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக இரண்டு வெறுங் கப் கேட்டாள்.

“கப்புக்கும் காசுதான் அக்கா. இது என்ன மடமே?” என்றார் அதே முதலாளி, அதே மூச்சில்.

கேளாதவனுக்கு இலவசம், கேட்டவளுக்கு விலை. எனக்கு நெஞ்சு கொதித்தது. தம்பியோ அந்தப் பெண்ணைப் பார்த்தான், பிறகு தன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மதிய உணவுக்கு அமர்ந்தோம். எங்கள் தந்தையார் இருவருக்கும் சமமாகப் பங்கிட்டு விட்டுப்போன ஒரே சொத்து நீரிழிவு. உணவுக்கு முன் நானும் ஊசி போட்டுக்கொள்வேன், அவனும் போட்டுக்கொள்வான். இன்சுலின் பேனையின் அடிமுனையைத் திருகும்போது ஒவ்வோர் அளவுக்கும் ‘டிக்’ என்று ஒரு சிறிய ஒலி எழும். என்னுடையது வெகுநேரம் ஒலித்தது. அவனுடையது தொடங்கியதுமே நின்றுவிட்டது.

“உனக்கு இவ்வளவும் காணுமோ?”

“காணும் அண்ணை. அங்கை நான் நல்லா நடக்கிறனான்.”

“நடக்கிறவன் ஏன் வீட்டுக்குள்ளையும் சப்பாத்தோடை இருக்கிறாய்? கழட்டு.”

கழற்றவில்லை. தமையன் என்ற உரிமையில் நானே குனிந்து காலுறையை இழுத்தேன். பெருவிரலின் கீழ் ஆறாத புண் ஒன்று, சுற்றிலும் கருமை பூத்து, வாய் திறந்திருந்தது. நீரிழிவுக்காரனின் காலில் அப்படி ஒரு புண் இருந்தால் அது எங்கே போய் முடியும் என்பதை, விரலையும் பாதத்தையும் இழந்த எத்தனையோ நண்பர்களைப் பார்த்து நான் அறிந்தவன். சோற்றில் கை வைக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் அவன் வாய் திறந்தது. இருபத்துச் சொச்சம் ஆண்டுகளாகத் தொலைபேசியில் “நல்லா இருக்கிறம்” என்று மட்டுமே சொல்லிவந்த வாய்.

“கார் பழுதாப் போச்சு அண்ணை. அந்த ஊரிலை பஸ் இல்லை. வேலைக்குப் பிந்திப் பிந்திப் போனன், வேலை போச்சு. வேலையோடை இன்சூரன்ஸ் போச்சு. இன்சூரன்ஸோடை மருந்து போச்சு. அவ்வளவுதான் கதை.”

“ஒரு கார் பழுதானதுக்கோ கால் போகவேணும்?”

“அங்கை அப்பிடித்தான். ஒரு கல்லை உருவினால் முழுச் சுவரும் வரும்.”

அவன் வேலை செய்தது ஒரு பெற்றோல் நிலையத்துக் கடையில். கணினியில் வேலை என்று நாங்கள்தான் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அவன் அதை மறுத்ததில்லை. அவனுடைய ஊரை ஒரு ரயில் பாதை இரண்டாகப் பிளக்கிறதாம். பாதைக்கு அந்தப் பக்கம் மர நிழலும் பெரிய வீடுகளும். இந்தப் பக்கம் நல்லதொரு மரக்கறிக் கடைகூட இல்லை. எரிபொருள் நிரப்புமிடத்தில் விற்கும் பொரியலும் இனிப்புப் பானமுமே சனங்களின் சாப்பாடு. அதைத் தின்றே நோய் வருகிறது. வந்த நோய்க்கு மருந்து வாங்கக் காசில்லை. அந்தந்தப் பகுதி வீடுகளின் வரியில்தான் அந்தந்தப் பகுதிப் பள்ளிக்கூடம் நடக்கிறதாம். வீடு சிறுத்தால் பள்ளிக்கூடமும் சிறுக்கும். பள்ளிக்கூடம் சிறுத்தால் பிள்ளை வளர்ந்து மறுபடியும் ரயில் பாதைக்கு இந்தப் பக்கமே நிற்கும். ஏழையைப் பெற்று, வளர்த்து, மீண்டும் ஏழையாகவே கையளிக்கும் ஓர் ஏற்பாட்டை இத்தனை ஒழுங்காகவும் செய்ய முடியுமா என்று நான் திகைத்துப் போனேன்.

“உலகத்துக்கே பணம் கொட்டுற நாடு எண்டு சொல்லுறாங்கள். வெக்கமில்லையோ அந்த நாட்டுக்கு?”

“அந்த நாட்டுக்கு ஏன் வெக்கம்? ஏழையா இருந்தால் அது உன்ரை பிழை எண்டு அங்கை சின்னனிலை இருந்தே சொல்லிக் குடுப்பினம். வெக்கம் எங்களுக்குத்தான்.” நான் கழற்றிய காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டே, “இஞ்சை மட்டும் என்ன? அந்தப் பிள்ளையளுக்கு வெறுங் கப் குடுக்க மனம் வரேல்லையே உங்கடை ஆளுக்கு” என்றான்.

அவன் சொன்னது சரி என்பதாலேயே எனக்குக் கோபம் இரட்டித்தது.

அடுத்த நாளே கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்தில் இருக்கும் என் மருத்துவரிடம் அவனை இழுத்துக்கொண்டு போனேன். அவர் பிரெஞ்சுக்காரர் என்பதால் மறுப்பின்றி வந்தான். மருத்துவர் புண்ணைப் பார்த்து உதட்டைக் கடித்தார், கட்டுப் போட்டார், இன்சுலினை இனிமேல் ஒரு துளியும் குறைக்கக்கூடாது என்று கண்டித்து மருந்துச்சீட்டு எழுதினார். அவன் கொண்டுவந்த பேனையில் மிச்சமிருந்தது அடிமட்டத்தில் ஒரு கோடு. சீட்டோடு எங்கள் வீட்டின் கீழேயே இருக்கும் பார்மசிக்குத் திரும்பினேன். தம்பி வாசலில் நின்றுவிட்டான்.

“உள்ளை நிக்கிறது தமிழ்ப் பிள்ளை. நான் வரமாட்டன்.”

“தமிழ்ப் பிள்ளை எண்டால் மருந்து கசக்குமோ?”

“பின்னேரத்துக்குள்ளை தெருவெல்லாம் கதை போகும் அண்ணை. ஆர்ஜொந்தெய் பக்கம் போவம். அங்கை என்னை ஒருத்தருக்கும் தெரியாது.”

புண்பட்ட காலோடு மெத்ரோ ஏறி, சாந் லசார் நிலையம் போய், அங்கிருந்து ரயில் பிடித்து, நகருக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் ஒரு பார்மசியைத் தேடிப் பிடித்தோம். வரிசையில் எங்கள் முறை வருவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்:

“அட, ஐயா! பதிகம் பாடுற ஐயாவெல்லோ! இவர்தான் அமெரிக்காத் தம்பியோ? ஆருக்கு என்ன வருத்தம்?”

தம்பி கைக்கு எட்டிய இடத்திலிருந்த இருமல் மிட்டாய்ப் பெட்டி ஒன்றை எடுத்தான். “தொண்டை கரகரக்குது, அவ்வளவுதான்” என்றான். அதற்குக் காசு கொடுத்துவிட்டு வெளியே நடந்தான். இன்சுலின் வாங்கப் போனவர்கள் மிட்டாயோடு திரும்பினோம். அதில் சர்க்கரை வேறு. ரயிலில் நான் அவனோடு பேசவில்லை. பேசியிருந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் பொலிசைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அன்று மாலை கோயில் வாசலில் காரியதரிசி எங்களுக்காகக் காத்திருந்தார். தேர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

“உங்கடை தம்பி இந்த நேரம் வந்தது பெருமான்ரை செயல் ஐயா. தேருக்குப் பூ உபயம் இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லை. அமெரிக்கா அண்ணை எடுத்தால் அண்டைக்கே மேடையிலை பொன்னாடை போர்த்திப் போடுவம். என்ன நிறத்திலை வேணும், பச்சையோ சிவப்போ?”

தம்பி தலையை நிமிர்த்தினான். “ஓம், செய்வம்” என்றான்.

என் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது.

“பூவுக்குக் காசு எங்கையிருந்து எடுப்பாய்?”

“அது என்ரை பாடு அண்ணை.”

“மருந்தைப் பாதியாக்கிக் காலைப் பழுதாக்கினது காணாதோ? மிச்சப் பாதியையும் விட்டுப்போட்டுத் தேருக்குப் பூ வைக்கப்போறியோ?”

“என்ன மருந்து?” என்றார் காரியதரிசி.

சொன்னேன். வேலை போனதை, இன்சுலினைக் குறைத்ததை, ஆர்ஜொந்தெய் வரை போய் மிட்டாய் வாங்கி வந்ததை, அங்கு நின்ற அத்தனை பேரும் கேட்கவே சொன்னேன். “எங்கடை பெருமான் மண்டையோட்டைக் கையிலை ஏந்தி வீடு வீடாய்ப் பிச்சை எடுத்தவர் எண்டு உருகி உருகிப் பாடுறம். அவருக்கில்லாத வெக்கம் இவனுக்கு எங்கையிருந்து வந்தது? எங்களிட்டை இருந்துதானே? பொன்னாடைக்கு நிறம் கேக்கிற நாங்கள், வந்தவனிட்டைச் சாப்பிட்டியோ எண்டு கேட்டமோ?”

காரியதரிசியின் முகத்தில் நான் எதிர்பார்த்தது இரக்கம். தெரிந்ததோ ஏமாற்றம், அமெரிக்கா என்ற நாடே அன்று மாலை காலமாகிவிட்டது போன்ற ஏமாற்றம்.

“அப்ப பொன்னாடை…” என்று இழுத்தார். “அதைப் பிறகு பாப்பம்.”

வீடு வரும்வரை தம்பி எனக்கு முன்னால் நொண்டியபடி நடந்தான். கதவைத் திறந்ததும் திரும்பினான்.

“என்ரை மானத்தை வித்துப்போட்டியள் அண்ணை.”

“மானத்தைப் பேனையிலை நிரப்பி ஊசியாலை ஏத்தேலுமெண்டால் நான் வாயே திறந்திருக்கமாட்டன்.”

அன்று அவன் சாப்பிடாமல் படுத்தான். நான் பூசை அறையில் அமர்ந்து பதிகம் சொல்லப் பார்த்தேன். முதல் அடியைத் தாண்டவில்லை. இறைவனிடமும் கொஞ்சம் கோபமாகவே இருந்தேன். பிச்சை எடுத்துக் காட்டியவர், பிச்சைக்காரனை மதிக்கும் மனத்தையும் எங்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

காலையில் எழுந்து வந்தபோது தம்பி உடுத்துத் தயாராக நின்றான்.

“சீட்டைத் தாங்கோ. கீழை பார்மசிக்குப் போட்டு வாறன்.”

“தமிழ்ப் பிள்ளை நிக்குமே?”

“நிக்கட்டும். இனி ஒளிக்க என்ன கிடக்கு? ஆர்ஜொந்தெய்க்கும் இப்ப தெரிஞ்சிருக்கும்.”

நானும் கூடவே இறங்கினேன். பார்மசியில் நின்ற தமிழ்ப் பெண் சீட்டை வாங்கினாள். உள்ளே போய்ப் பெட்டிகளை எடுத்து வந்தாள். “பிறிஜ்ஜிலை வையுங்கோ மாமா. பிளேனிலை சூட்கேசுக்குள்ளை போடாமல் கையிலை கொண்டு போங்கோ” என்றாள். கதை கேட்கவும் இல்லை, முகம் மாறவும் இல்லை. விலையைச் சொன்னாள். ஒரு பெட்டிக்கோ என்று தம்பி கேட்டான். முழுவதற்கும் என்றாள். எதையோ சேர்க்க மறந்துவிட்டாள் என்று எண்ணி மறுபடியும் கேட்டான். அவள் மறுபடியும் அதையே சொன்னாள்.

வெளியே வந்ததும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடைபாதையிலேயே நின்றுவிட்டான். மகிழ்ச்சி என்று நினைத்தேன். அவன் முகம் சிவந்திருந்தது.

“இந்த விலைக்குத்தானோ அண்ணை? இந்த விலைச் சாமானுக்காகவோ நான் அங்கை துளித் துளியா எண்ணி எண்ணிப் போட்டனான்? அதே மருந்து, அதே பெட்டி! கடலுக்கு இந்தப் பக்கம் இப்பிடி, அந்தப் பக்கம் அப்பிடியெண்டால் ஆர் அண்ணை இந்தக் கணக்குப் போட்டது?”

எனக்குத் தெரிந்த பதிகம் எதிலும் அதற்கு விடையில்லை.

தேநீர்க்கடைக்குள் போனோம். செய்தி எங்களுக்கு முன்பே அங்கு வந்து அமர்ந்திருந்தது. குடித்து முடித்ததும் தம்பி நாணயங்களை எடுத்து மேசையில் வைத்தான். முதலாளி எங்களைப் பாராமல், துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே, அந்தக் காசை உள்ளங்கைக்குள் வழித்து எடுத்துக்கொண்டார். நேற்று முன்தினம் வரை இந்தக் காசால் அவருடைய மரியாதை போய்விடும் என்று பதறிய அதே கை. எனக்கு எழுந்து நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. தம்பி என் முழங்கையைப் பிடித்தான். அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான் என்று அறிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

“விடுங்கோ அண்ணை. இப்பதான் தேத்தண்ணி தொண்டைக்குள்ளாலை இறங்குது.”

மதியம் சோற்றின் முன் இருவரும் அமர்ந்தோம். அவனுடைய பேனை என்னுடையதைக் காட்டிலும் அதிக நேரம் ஒலித்தது. ஒவ்வோர் ஒலியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டு முடித்தபின்னும் என் எரிச்சல் அடங்கவில்லை.

“இது முடிஞ்சால் அங்கை போய் என்ன செய்வாய்?”

பேனையை மூடிப் பெட்டிக்குள் வைத்தான்.

“முதல் சோத்தைப் போடுங்கோ, அண்ணை.”