நைனாவுக்கு வாங்கிய ஸ்டெபிலைசர்

மகளின் கிடாருக்கு ஒலிபெருக்கும் ஆம்ப் வாங்கத் திருப்பதிக்குப் போயிருந்தேன். கடைக்காரப் பெண் ஆம்ப்பில் ஒரு குமிழைத் திருகிவிட்டுக் கிடார் கம்பியைப் பலமாக மீட்டினாள். சத்தம் உடனே வெடிக்கவில்லை. முதலில் அமுங்கி, பிறகு மெல்ல எழுந்து வந்தது.

"லோ வோல்டேஜ்ல வாசிக்கிற மாதிரி இருக்கும் மேடம். இதுக்குன்னே கேட்டு வாங்குறாங்க," என்றாள்.

எங்கள் நகரி வீடு கண்ணுக்குள் வந்தது. நைனா கல்யாணக் கச்சேரிகளில் கிடார் வாசித்தவர். வீட்டில் அவருடைய பழைய வால்வு ஆம்ப் இருந்தது. காலையில் தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கிப் பல்பு சிவந்துபோகும், ஃபேன் சுற்றவே யோசிக்கும். அம்மா அலுத்துக்கொள்வாள். நைனா அப்போதுதான் கிடாரை எடுப்பார்.

"இப்போதாம்மா இது மூச்சு வுட்டுப் பாடுது," என்பார். ஆம்ப்பில் தூசி சூடாகும் வாசனை வரும். தறிச் சத்தத்துக்குள் அந்த ஒலி அமுங்கி அமுங்கி எழும்.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததும், முதல் சம்பளத்தில் அவருக்கு ஸ்டெபிலைசர் வாங்கி நானே மாட்டினேன். ஒரு பாட்டு வாசித்தார். ஒவ்வொரு சுரமும் விறைப்பாக வந்து விழுந்தது.

"நல்லா கீதும்மா," என்று சொல்லி ஆம்ப்பை அணைத்தார். மகள் வாங்கித் தந்ததைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு கிடார் உறையிலேயே கிடந்தது. வயதாகிவிட்டது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவர் போய் ஆறு வருடமாகிறது.

"ஆஃப் பண்ணிடட்டுமா மேடம்? சில பேருக்கு இது புடிக்காது."

"இருக்கட்டும்," என்றேன். "இன்னொரு வாட்டி வாசிம்மா."