வலது கண்

ஆய்வகத்தில் அவளைக் கத்தியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இறாலின் கண்ணை மெழுகில் பதித்து, இயந்திரக் கத்தியால் மெல்லிய சீவலாக அறுத்து, கண்ணாடித் துண்டில் ஏற்றித் தருவது அவள் வேலை. வாயும் அதே கூர்மை. இறால்களை வளர்த்து இருட்டறையில் வைப்பவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் ஒரே சமையலறையில் இரண்டு அடுப்பு. இருவருக்கும் ஏழாம் பொருத்தம். மாமியாரின் நச்சரிப்புத் தாங்காமல் சின்னவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே கத்தியக்காதான். அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருக்கிறாள்.

இறாலின் ஒரு கண் என்பது ஆயிரக்கணக்கான குட்டிக் கண்கள். ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தை உணரும் செல்கள். அவற்றுக்குள் இருக்கும் கருந்துகள்கள் இருட்டில் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் மேலேறி வரும். ஆய்வகத் தலைவருக்கு வேண்டியது இருட்டுக் கண். போன தடவை துகள்கள் மேலேறிக் கிடந்தன. யாரால் என்று தெரியவில்லை. இன்னொரு தடவை கெட்டால், காரணமானவர் வேலையை விட்டுப் போகலாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? சின்னவள் இறால்களைப் பிடிப்பில் அசையாமல் பொருத்திவிட்டு வெளியே வந்ததும், கத்தியக்கா, வெளிச்சம் புகாமலிருக்க ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்கும் இரட்டைக் கதவு வழியாக உள்ளே நழுவினாள். எதிர் அலமாரியில் தன் போனைக் கதவைப் பார்த்து நிறுத்தி, வீடியோவை ஓடவிட்டாள். பின்பக்கக் கேமரா உடைந்திருந்ததால் முன்பக்கக் கேமராதான். கதவு திறந்தால் சின்னவள் முகம் விழும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

முகம் விழவில்லை. பிற்பகல் போனை எடுத்துப் பார்த்தால் முழுக்க இருட்டு. கதவு திறக்கவே இல்லை. ஆனால் வலது கண்ணை அறுத்துப் பார்த்தபோது துகள்கள் மேலே. அவளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. வேறெதையும் யோசிக்காமல் வீடியோவை அழித்துவிட்டுத் தலைவரிடம் போனாள்.

“கதவு ரெண்டும் திறந்து கிடந்துச்சு சார். நானே பார்த்தேன்.”

சின்னவளைக் கூப்பிட்டார்கள். அவள் அழவில்லை. இடது கண்ணையும் அறுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். கத்தியக்கா ஏளனமாகச் சிரித்துக்கொண்டே அறுத்துக் கொடுத்தாள். சின்னவள் இரண்டையும் மாற்றி மாற்றி நுண்ணோக்கியில் பார்த்தாள்.

“வலது கண்ணுலதான் சார் வெளிச்சம் பட்டிருக்கு. இடது கண்ணு இருட்டுலயே இருக்கு. கதவு இருக்கறது இடது பக்கம்.”

தலைவர் குனிந்து பார்த்தார். வலது பக்கம் என்ன இருந்தது என்று கேட்டார்.

அலமாரி. அப்போதுதான் கத்தியக்காவுக்கு உறைத்தது. கேமரா கதவைப் பார்த்த நேரமெல்லாம், போனின் திரை இறால்களின் வலது கண்ணில் வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கண்கொத்திப் பாம்பாக அவள் சின்னவளைக் கவனித்ததுபோலவே சின்னவளும் அவளைக் கவனித்திருக்கிறாள்.

“காலைல முழுக்க உங்க கையில போனே இல்லையேக்கா. எங்க வச்சிருந்தீங்க?”

கத்தியக்கா போனை முந்தானைக்குள் மறைத்ததைத் தலைவரும் பார்த்துவிட்டார்.

மறுநாள் சின்னவள் மட்டும் பஸ் ஏறினாள். கத்தியக்கா வீட்டில் இரண்டு அடுப்பையும் பற்றவைத்தாள்.