விராலுக்குப் பத்து

தடுப்பணைக் கரையிலிருந்து எழுந்தபோது இரண்டு காலும் மரத்திருந்தன. தூண்டில் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு செய்தியா? நாலு மணி நேரம் குந்தியிருந்தால் யாருக்கும் மரக்கும். காலை உதறிவிட்டு அடுத்த புழுவைக் கோத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

நானும் என் வீட்டுக்காரர் கரீமும் தியாகராய நகரில் தையல் கடை வைத்திருக்கிறோம். ஆறு நாளும் மிஷின் சத்தம். ஞாயிறு விடிந்ததும் மாம்பலத்தில் ரயிலேறிப் பாலாற்றுக்குப் போய்விடுவோம். தக்கை அசையாமல் மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. விரால் இரையைத் தொட்டதும் இழுக்கக் கூடாது. விழுங்க விட வேண்டும். நான் ஒரே மூச்சில், நிதானமாகப் பத்து எண்ணி இழுப்பேன். அவருக்கு ஏது பொறுமை? மூன்றிலேயே இழுத்து வெறும் முள்ளோடு நிற்பார். நான் சிரித்தே அவர் மானத்தை வாங்குவேன்.

கால் மரத்த அந்த ஞாயிறுக்கு அடுத்த புதன்கிழமை பெடலை மிதிக்கக் காலில் பலமில்லை. வியாழன் கையைத் தூக்க முடியவில்லை. சோற்றை அவர்தான் ஊட்டினார். மருத்துவமனையில் குய்லான் பாரே என்றார்கள் (கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி நம் நரம்புகளையே தாக்குவது). அந்தத் தாக்குதலை அடக்க, பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மருந்து பிடிப்பதற்குள் பலவீனம் மார்புக்கு ஏறினால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்.

அதற்கொரு சோதனை. ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று மணிக்கொரு தரம் பார்ப்பார்கள். முதல் நாள் இருபத்திரண்டு. மறுநாள் காலை பதினாறு. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாயில் மூச்சுக் குழாயோடு கிடந்தார். எண்ணிக்கை இன்னும் இறங்கினால் எனக்கும் அதுதான். குழாய் போட்டால் நான் திரும்ப மாட்டேன் என்றே நம்பினேன். அந்தப் பயத்தில் திருட்டுத்தனம் செய்தேன். எண்களைக் கடகடவென்று ஓட்டிப் பதினெட்டைத் தொட்டேன். நர்ஸ் குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கரீம் நேராகப் போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்.

"டாக்டர், இவ ஏமாத்திக்கினு கீறா. ஆத்துல இவ எண்ணுறத வருஷக்கணக்கா கேட்டுக்கினு கீறேன். இவ்ளோ வேகமா எண்ணவே மாட்டா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "விராலுக்கு எண்ணுற மாதிரி எண்ணு, பாத்திமா."

எண்ணினேன். ஏழில் மூச்சு அறுந்தது.

உடனே குழாய் போட்டு வென்டிலேட்டரில் (நமக்குப் பதிலாக மூச்சு விடும் கருவி) வைத்தார்கள். மயக்க ஊசி வேலை செய்யும்வரை அவரை முறைத்தேன். துரோகி என்று நினைத்தேன், சத்தியமாக. இன்னும் ஒரு மணி நேரம் ஏமாற்றியிருந்தால் மூச்சு நின்றே போயிருக்கும் என்று டாக்டரம்மா பின்னால் சொன்னார்.

பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். நிற்க இரண்டு மாதம், ஊசியில் நூல் கோக்க ஐந்து மாதம். இதே நோயில் கிடப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: எண்ணச் சொன்னால் ஏமாற்றாதீர்கள்.

போன மாதம் பாலாற்றுக்குப் போனோம். அவர் என்னைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பாதங்கள் இன்னும் யாருடையவோ போலத்தான் இருக்கின்றன. ஆனால் தூண்டில் நூல் அதிர்ந்தது ஆள்காட்டி விரலுக்குத் தெரிந்தது. அழுதுவிட்டேன். தக்கை அமுங்கியது. எண்ணத் தொடங்கினேன்.

பத்து வந்தது. மூச்சு மிச்சமிருந்தது. பதினொன்று. பன்னிரண்டு. கரீம் தக்கையைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறில் நிறுத்தினேன்.

மீன் போய்விட்டது என்றேன்.

"போவட்டும்," என்றார். "இன்னொரு தபா எண்ணு."