காய்ந்த மணல் எத்தனை தப்படி

முதல் பயணத்துக்கு முந்தைய நாள் நான் எழுதிய பட்டியலில் பதினோரு பொருள்கள் இருந்தன. தண்ணீர், துண்டு இரண்டு, மாற்றுடை, தொப்பி, கையுறை, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பசை, மாத்திரை டப்பா, பிஸ்கட், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, சக்கரத்துக்கு எண்ணெய். அக்கா அதை வாங்கிப் படித்தாள்.

"எல்லாம் எழுதியிருக்க. கடல எழுதலியே?" என்றாள்.

அக்காவின் பெயர் ஷீபா. வயது முப்பத்து நான்கு. ஒன்பது வருடத்துக்கு முன் நடந்த ஸ்கூட்டர் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, அன்றிலிருந்து சக்கர நாற்காலி. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. பாதங்களில் உணர்வும் இல்லை. செலையூரில் எங்கள் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். மோட்டார் மெஷினின் மிதியை மேசைமேல் பொருத்திக்கொண்டு முழங்கையால் அழுத்துவாள். நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஆக, வீட்டில் இரண்டு பேருக்கு அளப்பதுதான் வேலை. மூன்றாவது ஆள் அம்மா.

போக விரும்பிய இடம் மெரினாவின் மரப்பாதை. சக்கர நாற்காலியில் வருபவர்களும் கடலருகே போகலாம் என்பதற்காகவே மணல்மேல் போட்ட பலகைப் பாதை அது. கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சாலையோரத்திலிருந்து நேராகக் கடலை நோக்கிப் போகிறது. செலையூரிலிருந்து எங்கள் வேன் காட்டிய கணக்கில் இருபத்தேழு கிலோமீட்டர். அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். யாரும் அவளைத் தூக்கக் கூடாது.

"கல்யாண மண்டபத்துல நாலு பேரு தூக்குறாங்க, நானூறு பேரு பாக்குறாங்க. கோயில் படியில தூக்குறாங்க. ஆஸ்பத்திரியில தூக்குறாங்க. கடலுக்காவது நானே போறேன்" என்றாள். கோயில் என்று அவள் சொன்னது நாங்கள் ஞாயிறுதோறும் போகும் மாதா கோயிலை.

பிப்ரவரி, சனிக்கிழமை

காலை 5.10க்குப் புறப்பட்டோம். வேன் ஓட்டியவர் பம்மலைச் சேர்ந்த செல்வம் அண்ணா. பின்சீட்டைக் கழற்றிவிட்டுச் சாய்பலகை ஒன்று வைத்திருப்பார். அதில் அக்கா தானே ஏறிவிடுவாள். போக வர, காத்திருப்பு உட்பட ஆயிரத்து நானூறு ரூபாய்.

ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம். பள்ளிக்கரணை சதுப்பில் விடிவதற்கு முன்பே நாரைகள் நின்றிருந்தன. வேளச்சேரி, அடையாறு, சாந்தோம். 6.05க்குக் கடற்கரை.

"இன்னா தங்கச்சி, சமுத்திரம் எங்கயும் ஓடிடாது, பொறுமையா எறங்கு" என்றார் செல்வம் அண்ணா. அதற்குள் அக்கா பாதையில் பத்து மீட்டர் போயிருந்தாள்.

பாதையைப் பற்றி, போகாதவர்களுக்காகச் சில தகவல்கள். இரண்டு நாற்காலிகள் அருகருகே தாராளமாகப் போகும் அகலம். இரு பக்கமும் கைப்பிடி. பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் முன் சக்கரம் மாட்டாது, ஆனால் ஒவ்வொரு பலகையிலும் டக் டக் என்று அடிக்கும். நடுநடுவே உட்கார்ந்து ஓய்வெடுக்க இடமுண்டு. அகலமான டயர் போட்ட கடற்கரை நாற்காலிகளும் சில நாட்கள் கிடைக்கும் என்றார்கள். அவற்றைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும் என்பதால் அக்கா கேட்கவே இல்லை.

அன்று பாதையின் கடைசிப் பலகை மணலோடு மணலாகச் சேர்ந்திருந்தது. அங்கே அக்காவின் சக்கரங்கள் நின்றன. எதிரே கடல். நான் பலகையிலிருந்து இறங்கி அலை தொடும் இடம்வரை நடந்து எண்ணினேன். இருபத்தெட்டுத் தப்படி. கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.

அக்கா அரைமணி நேரம் அங்கேயே இருந்தாள். திரும்பும்போது, "அடுத்த தடவ கிட்ட வரும்" என்றாள். கடலைத்தான் சொன்னாள்.

மே

ஈஸ்டர் தையலும் கல்யாண மாதத் தையலும் முடியவே மே பாதியாகிவிட்டது. காலை 5.40க்கே வியர்த்தது. அம்மா வீட்டிலிருந்தே ஒரு முடிவோடு வந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முப்பத்து நான்கு தப்படி. எண்ணிக்கொண்டு திரும்பியபோது அம்மா செல்வம் அண்ணாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு இளைஞர்கள் பக்கத்தில் நின்றார்கள்.

"ஆன்ட்டி, ரெண்டு நிமிஷ வேலை. நாங்க தூக்கி விட்டுர்றோம்."

"வேணாம்" என்றாள் அக்கா.

"இவ்ளோ தூரம் வந்துட்டு தண்ணிய தொடாம போறதா? வருஷம் ஒம்போது ஆச்சுடி" என்றார் அம்மா.

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அலையில் வைத்தார்கள். முழங்கால்வரை நனைந்தது. அம்மா சிரித்தார், அழுதார். இளைஞர்கள் கை தட்டினார்கள். நான் படம் எடுத்தேன். அந்தப் படத்தில் எல்லோரும் அக்காவைப் பார்க்கிறார்கள், அக்கா கேமராவை, அதாவது என்னைப் பார்க்கிறாள்.

திரும்பும் வழியில் மேடவாக்கத்தில் வேன் நின்றது. சிக்னலில் அக்கா சொன்னாள்: "ஜெனி, மூட்டையாடி நானு?"

செல்வம் அண்ணா வண்டி ஓட்டியபடியே, "தப்பு என் மேல கீது தங்கச்சி. உன் பேச்சக் கேட்டிருக்கணும்" என்றார். நான் அதைக்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட்

ஜூனிலும் ஜூலையிலும் கூப்பிட்டேன். "தையல் கெடக்கு" என்பதே பதில். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நான் மட்டும் போனேன். தனியாள் என்பதால் ரயில். தாம்பரத்தில் 6.15க்கு ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, எதிரே பறக்கும் ரயில் மாறி, கலங்கரை விளக்கம் நிலையத்திலிருந்து நடை. மாதாமாதம் அளந்தால் கடல் எப்போது கிட்டே வரும் என்று சொல்லிவிடலாம், சொன்னால் அக்கா வருவாள் என்பது என் யோசனை.

நாற்பத்தொரு தப்படி. கடல் விலகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சொல்லாமல் இருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அக்காவே, ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எவ்ளோ?"

"நாப்பத்தொண்ணு."

"எங்கேந்து எங்க?"

"பலகையிலேந்து அலை வரைக்கும்."

ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள். "தோள அளக்கச் சொன்னா இடுப்ப அளந்துட்டு வந்து நிக்கிற. அந்த நாப்பத்தொண்ணுல காய்ஞ்ச மணல் எவ்ளோ?"

அதை நான் தனியாக எண்ணவே இல்லை.

"ஈர மணல் கெட்டியா இருக்கும்டி. அதுல என் சக்கரம் ஓடும். போன தடவ என்னைக் கொண்டு போய் வெச்சாங்கல்ல, அப்ப கையால தள்ளிப் பாத்தேன், ஓடிச்சு. நீங்கல்லாம் போட்டோ எடுத்துகிட்டிருந்தீங்க. புதையறது காய்ஞ்ச மணல்ல மட்டும்தான். நடுவுல அது எவ்ளோன்னு பாத்துட்டு வா."

ஆறு மாதமாக நான் கடலை அளந்துகொண்டிருந்தேன். அளக்க வேண்டியது மணலை. ஒரு பாகத்தின் மொத்த நீளத்தை மட்டும் எழுதி யாராவது அறிக்கை கொடுத்தால் தொழிற்சாலையில் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அன்று மே மாதத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். "சரி, கொக்கிய எடு" என்றாள்.

செப்டம்பரில் மறுபடி தனியாகப் போனேன். மொத்தம் முப்பத்தெட்டு, அதில் காய்ந்தது இருபத்தைந்து. கைப்பேசிக் குறிப்பில் ‘காய்ந்த மணல்’ என்று புதிய பத்தி ஒன்று சேர்ந்தது.

நவம்பர்

மழைக்கு நடுவே வெயில் வந்த ஒரு நாளில், அக்காவே செல்வம் அண்ணாவுக்குப் போன் செய்துவிட்டாள். எங்கள் தெருவில் தண்ணீர் நின்றதால் வேன் முனையில்தான் நின்றது. பள்ளிக்கரணையில் சாலையும் சதுப்பும் ஒரே நிறம்.

பாதையின் கடைசிப் பகுதியில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் கடல் பழுப்பு நிறத்தில் பலகைக்கு அருகிலேயே புரண்டது. அளக்க முடியவில்லை.

"கிட்ட வந்துருச்சு" என்றாள் அக்கா.

"இந்தக் கடல நம்பி ஒண்ணும் செய்யாத" என்றார் அம்மா.

"இன்னிக்கு இல்லம்மா. அலை அடங்கட்டும்."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதையின் நடுவில் நான்கு பேரும் ஒரே குடைக்குள் நின்றோம். குடை அக்கா கையில் இருந்தது. உயரம் குறைவு என்பதால் மற்ற மூவரும் குனிந்து நின்றோம். "உன் லெவலுக்கு வந்துகினோம், பாரு" என்றார் செல்வம் அண்ணா. மே மாதத்துக்குப் பிறகு அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

ஜனவரி

பொங்கலுக்கு முந்தைய வாரம். காணும் பொங்கலுக்குக் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது என்பதால் முன்னதாகவே போய்விட நினைத்தோம். பொங்கல் தையல் இருபத்தாறு பிளவுஸ் பாக்கி இருந்தும் அக்கா மெஷினை மூடினாள். 5.20க்குப் புறப்பட்டோம். பனி. செம்பாக்கம் ஏரிப் பக்கம் எதிரே வந்த வண்டிகளின் விளக்கு மட்டும் தெரிந்தது.

பாதையில் நான்கைந்து பலகைகள் புதிதாக மாற்றப்பட்டு வெளிர் நிறத்தில் இருந்தன. கயிறு இல்லை. கடல் அமைதியாக இருந்தது. மொத்தம் பதினைந்து தப்படி, காய்ந்த மணல் மூன்று.

"மூணு" என்றேன்.

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள். அம்மாவையும் செல்வம் அண்ணாவையும் பின்னால் ஓய்விடத்தில் உட்காரச் சொன்னாள். என்னிடம், "நீ பலகையில நில்லு. கூப்பிட்டா மட்டும் வா" என்றாள்.

இறங்கினாள். முதல் தப்படியிலேயே முன் சக்கரங்கள் புதைந்தன. தள்ளினாள். பின் சக்கரங்கள் அதே இடத்தில் சுற்றின. இன்னொரு முறை தள்ளியதில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது.

நடந்து போன ஒரு தம்பதி நின்றார்கள். "ஐயோ, மாட்டிக்கிச்சு போல. தூக்கி விடவாம்மா?" என்று அந்தக் கணவர் என்னைக் கேட்டார். பின்னால் அம்மா எழுந்துவிட்ட சத்தம் கேட்டது. மே மாதத்தைப் போலவே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். "வேணாம் சார். அவங்க போய்டுவாங்க."

"இல்லம்மா, பாவம்..."

"அவங்க கூப்பிடல சார்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நின்றார். அம்மா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி வலித்தது.

அக்கா கையுறைகளை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியைத் திருப்பத் தொடங்கினாள். திரும்பி வருகிறாளோ என்று நினைத்தேன். இல்லை. முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தபடி பின்னோக்கி இழுத்தாள். பெரிய சக்கரங்கள் முதலில், சின்னச் சக்கரங்கள் பின்னால் இழுபட. ஒரு தப்படி. நின்று மூச்சு வாங்கினாள். இன்னொன்று. மூன்றாவதில் சக்கரத்தின் சத்தமே மாறியது. ஈர மணல். அதற்குப் பிறகு நாற்காலி சரசரவென்று போனது.

இப்படித்தான் அக்கா கடலுக்குப் போனாள், முதுகைக் காட்டிக்கொண்டு, முகம் எங்களை நோக்கி. அலை வருவது அவளுக்குத் தெரியாது, எங்களுக்குத்தான் தெரிந்தது. அம்மா வாயைத் திறந்தார். நான் அவர் கையை அழுத்தினேன். அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும். பிரேக்கைப் போடாமல் இரண்டு சக்கரங்களையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அலை சக்கரத்தின் பாதி உயரம் ஏறி, அவள் பாதங்களை மூடி, எங்களை நோக்கிக் கொஞ்ச தூரம் ஓடி வந்து, திரும்பிப் போனது.

அந்தக் கணவர் மெதுவாக, "போய்ட்டாங்களே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஏழு அலைகள் வரை அங்கே இருந்தாள். வரும்போது நேராகவே வந்தாள். காய்ந்த மணலில் மட்டும் திரும்பிக்கொண்டு அதே மாதிரி பின்னோக்கி. பலகை ஏறியதும் அம்மா துண்டோடு குனிந்து அவள் பாதங்களைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, கேட்கக் கூடாததைக் கேட்பவர் போலக் கேட்டார்.

"தெரிஞ்சுதாம்மா?"

நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்தப் பாதங்களில் எதுவும் தெரியாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"தெரிஞ்சுது" என்றாள் அக்கா. "திரும்பிப் போறப்ப சக்கரத்தப் புடிச்சு இழுக்குதும்மா. கையில தெரிஞ்சுது." கையுறையைக் கழற்றி உள்ளங்கைகளைக் காட்டினாள். சிவந்திருந்தன.

9.10க்கு செலையூர். உப்பு பேரிங்கில் ஏறினால் துருப்பிடிக்கும் என்பதால் வீடு வந்ததும் நாற்காலியை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் போட வேண்டும். பட்டியலின் பதினோராவது பொருள் அதற்குத்தான். கடற்கரையில் ஒரு பாதை இருக்கிறது, எங்கள் தெருவில் வாசல் சரிவைத் தாண்டினால் பாதையே இல்லை என்பதை வேனிலிருந்து இறங்கியபோது நினைத்துக்கொண்டேன். பம்பையும் எண்ணெயையும் நான் எடுத்து வருவதற்குள் அக்கா உள்ளே போய்விட்டாள். வாசல் சரிவிலிருந்து தையல் மெஷின்வரை தரையில் இரண்டு மணல் கோடுகள். அம்மா துடைப்பத்தோடு வந்து, பார்த்து, அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.